காவடியில் ஏறிய சக்கரம்

பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் கொடி காட்டும் பிச்சைமுத்துவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அவனை மகா புத்திசாலி என்கிறார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சனம் அவனை முருகனுக்கு வேண்டியவன் என்கிறது. இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. திடல் திறந்த நாளிலிருந்து அதன் வேலியோரம் டீக்கடை போட்டிருப்பவன் நான், சீனி முகம்மது. எல்லாரும் என்னை நானா என்று கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் அந்தச் சக்கரம் முதலில் வந்து முட்டியது என் கடையில்தான்.

பிச்சைமுத்து முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கப்பலிலிருந்து சரக்குப் படகுக்குப் போட்டிருக்கும் பலகையில் அரிசி மூட்டையோடு ஓடுவது அவன் வேலை. ஒருநாள் பலகை நடுவில் முறிந்தது. மூட்டை கடலுக்குள் போனது. இவன் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டுவிட்டார்கள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கால் தரையை விட்டு எழும்பினால் அவனுக்கு வயிற்றைக் கலக்கும். நாற்காலியில் ஏறி விளக்கை மாட்டு என்றாலே வேர்த்துக் கொட்டும். தரையிலேயே செய்கிற வேலையாகப் பார்த்துத் தேடி, கடைசியில் புல் வெட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தான். எந்த இடத்தில் என்று கேளுங்கள். விமானத் திடலில். பேய்க்குப் பயந்தவன் சுடுகாட்டில் குடியேறிய மாதிரி.

இந்த லட்சணத்தில் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். அதில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. மாதம் முழுக்க விரதம், ஒரு வேளைச் சோறு, வெறும் தரையில் படுக்கை, மீன் வாடையே கூடாது என்று என் கடைப் பக்கம்கூட வரமாட்டான். விரதம் இல்லாத நாளில் அந்தக் காவடியைத் தொடவும் மாட்டான், வேறு யாரையும் தொடவிடவும் மாட்டான். மலை ஏறும்போது அவனுக்குச் சாமி ஏறிவிடும், அதனால் உயரம் தெரியாது. இறங்கும்போது சாமி இறங்கிவிடும், பயம் ஏறிவிடும். படிக்குப் படி உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டேதான் கீழே வந்து சேருவான். அவன் பெண்டாட்டி நல்லம்மாள் முன்னால் நடந்துகொண்டு ஒவ்வொரு வருஷமும் ஒரே வேண்டுதலை வைப்பாள்.

"முருகா, அடுத்த பிறவியிலயாச்சும் எனக்கு ஒரு ஆம்பளையப் புருசனாக் குடு."

நல்லம்மாள் கடலுக்கு எதிர்க்கரையில், பிறை ஊருக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தாளாம். நான் பார்த்ததில்லை, அவள் சொல்லிக் கேட்டதுதான். சொன்ன விதத்தைக் கேட்டபோது எனக்குப் பாம்பின் மேல்தான் இரக்கம் வந்தது. காலையில் இடியாப்பம் அவித்துக்கொண்டு வந்து என் கடையிலேயே வைத்து விற்பாள். ஒரே மகளையும் பிறையில் கட்டிக்கொடுத்தாயிற்று. புருஷனைக் கேலி செய்வதைத் தவிர அவளுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. பயந்தாங்கொள்ளி என்பது அவள் வாயில் அவனுக்கு இட்ட பெயராகவே ஆகிவிட்டது. அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், சித்திரை மாதம். தைப்பூசம் முடிந்து காவடிகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்ட காலம். திடலில் விமானம் ஓட்டுகிற கிளப்காரர்கள் ஆண்டு விழா கொண்டாடினார்கள். கிளப் என்றால் தோட்டத்துத் துரைகளும் சில சீன முதலாளிகளும். அவர்களிடம் இருந்தது இரண்டு தட்டு இறக்கை வைத்த சின்ன விமானம். மலாய்க்காரர்கள் அதைக் கப்பல் தெர்பாங் என்பார்கள், பறக்கும் கப்பல் என்று அர்த்தம். முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, ஆளுக்கொன்றில் உட்கார வேண்டும். பின்குழியில் இருப்பவர் ஓட்டுவார். விழாவை முன்னிட்டுத் திடலில் வேலை செய்கிறவர்களில் ஒருவரைச் சும்மா மேலே கூட்டிப்போவது என்று முடிவு செய்து சீட்டுக் குலுக்கினார்கள். யார் பெயர் வந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா.

பிச்சைமுத்துவுக்கு முகம் சாம்பலாகிவிட்டது. "நான் வெரதம், நானா" என்றான் என்னிடம், நான்தான் விமானம் ஓட்டப்போகிறவன் மாதிரி.

இடியாப்பத் தட்டை மூடிக்கொண்டிருந்த நல்லம்மாள் தலையைத் தூக்கினாள். "என்ன வெரதம்? காலையில பழைய சோத்துக்கு மத்தி மீனு ரெண்டு கேட்டு வாங்கித் தின்னியே, அந்த வெரதமா?"

"அதில்ல நல்லம்மா..."

"நீ போக வேணாம்யா. நான் போறேன்."

"அறிவு இருக்கா உனக்கு? பொம்பள போற எடமா லா அது?"

"ஆம்பள போகலன்னா பொம்பளதான் போகணும்."

அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். அவள் உதறினாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என் டீக்கடைக்குப் புதிதில்லை, ஆனால் அன்று அவன் கெஞ்சினான். அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. "பயந்தாங்கொள்ளி, நீ கீழ நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திடலுக்குள் போய்விட்டாள்.

அன்று ஓட்டியவர் செம்பட்டைத் துரை. தலைமுடி செம்பட்டை என்பதால் அந்தப் பெயர். பிறைப் பக்கத்தில் தோட்டம் நடத்துகிறவர், தமிழ் பேசுவார். தோட்டத்தில் கற்ற தமிழ் என்பதால் அதில் வா, போ, எடு, வெட்டு மட்டும்தான் இருக்கும். நல்லம்மாளைப் பார்த்ததும், "பொம்பளையா? சரி, ஏறு. வாய மூடு. எதையும் தொடாதே" என்றார். தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ராஜ மரியாதை. ஏறி உட்கார்ந்தாள். அவள் தலையில் ஒரு தோல் குல்லாவை மாட்டினார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பின்குழிக்குப் போகும், அதில் அவர் பேசுவது இவளுக்கும் இவள் பேசுவது அவருக்கும் கேட்கும்.

விமானம் இரைந்துகொண்டு புல்லில் ஓடியது. வால் எழும்பியது. சரியாக அந்த நேரத்தில் அதன் இடது காலிலிருந்து ஏதோ கழன்று விழுந்தது. விமானம் அது பாட்டுக்கு ஏறிப் போய்விட்டது. விழுந்தது மட்டும் நிற்காமல் புல்லில் துள்ளித் துள்ளி உருண்டு, வேலிக் கம்பியைத் தாவித் தாண்டி, என் பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, பெஞ்சில் மோதிச் சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். ரப்பர் டயரோடு ஒரு முழுச் சக்கரம். அதற்கு டீ வேண்டுமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

பிட்டர் வேலை பார்க்கும் ஜெயராஜ் ஓடி வந்தான். விமானத்தைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கிற ஆள் அவன்தான். சக்கரத்தைப் பார்த்ததும் என் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நானா, தொரைக்கு இது தெரியாது" என்றான். "எறக்கைக்கு அடியில இருக்கிறது மேல உள்ளவங்களுக்குத் தெரியாது. ரெண்டு சக்கரமும் இருக்குன்னு நெனச்சு எப்பவும் போல எறங்குவாரு. சக்கரம் இல்லாத கால் மண்ணுல குத்தும். அப்படியே குப்புறக் கவுந்துரும். முன்னால உக்காந்திருக்கிறவங்க..."

அவன் முடிக்கவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தான் பிச்சைமுத்து.

அதற்குள் விமானம் ஜெரெஜா தீவுப் பக்கம் கடலுக்கு மேல் போய்ப் புள்ளியாகிவிட்டது. ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரத்தில் திரும்பி வந்துவிடும். திடலில் துரைமார்கள் கூடிக் கத்தினார்கள். தொப்பியை ஆட்டலாம் என்றார் ஒருவர். காலையிலிருந்து சனம் எல்லாம் தொப்பியும் துண்டுமாக ஆட்டிக்கொண்டுதான் இருந்தது, செம்பட்டைத் துரையும் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். இனிமேல் ஆட்டினால் எந்த ஆட்டம் எது என்று அவருக்கு எப்படித் தெரியும். ஒருவர் தண்ணீர் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார், ஒருவர் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவில் பாத்திஹா ஓதுவதாக நான் நேர்ந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் பிச்சைமுத்துவைக் காணவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று நினைத்தேன். நல்லம்மாள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றும் நினைத்தேன்.

அவன் திரும்பி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, மேலெல்லாம் விபூதி. தோளில் காவடி. மயில் இறகு இரண்டு வளைந்து தொங்கியது, பரணிலிருந்து இழுத்த அவசரம். நேராக என் பெஞ்சுக்கு வந்தான். சக்கரத்தைத் தூக்கிக் காவடியின் வளைவுக்கு மேல் வைத்து, இடுப்புத் துண்டால் கட்ட ஆரம்பித்தான்.

"என்னடா செய்யிறே?" என்றான் ஜெயராஜ்.

"கால் நோவு வந்தவன் வெள்ளியில கால் செஞ்சு காணிக்கை போடுவான். கண்ணு போனவன் கண்ணு போடுவான். இந்த வெமானத்துக்குக் கால் போயிருச்சு" என்றான் பிச்சைமுத்து. "அந்தக் காலையே எடுத்துக்கிட்டுப் போறேன். அவ எறங்கி வரட்டும்."

ஜெயராஜ் கிறிஸ்தவன், அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாகூர் ஆண்டவர் சன்னிதியில் எங்கள் சனமும் தகரத்தில் கால், கை, படகு, வீடு என்று வெட்டிக் காணிக்கை வைக்கத்தானே செய்கிறது. இவன் புத்திசாலித்தனம் எதையும் செய்யவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் ஜாடை காட்ட அவன் சக்கரத்தைத் தூக்கவில்லை. பயத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி முருகன்தான், அங்கே போனான்.

காவடியைத் தூக்கிக்கொண்டு விமானம் இறங்குகிற பாதைக்கு நடுவில் போய் நின்றான். ஆட முயன்றான், கால் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். மேளம் இல்லாமல் காவடி எப்படி ஆடும். நான் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, டீக் கரண்டியால் அடித்துக்கொண்டே அவன் பின்னால் ஓடினேன். ஒரு மரைக்காயன் மகன் காவடிக்கு மேளம் அடித்த கதை அன்று சாயங்காலமே சூலியா தெருவுக்குப் போய்ச் சேர்ந்து, எனக்கு வேண்டியவர்கள் சிலர் வெகுநாள் என்னிடம் பேசவில்லை. போகட்டும். அவர்கள் பெண்டாட்டியா மேலே இருந்தாள்.

அடி விழ விழ அவனுக்குச் சாமி வந்துவிட்டது. காவடியும் சக்கரமும் சேர்ந்து சுற்றின. துரைமார்கள் பாதையை விட்டுப் போ என்று கத்தினார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அப்போது கடல் பக்கமிருந்து விமானத்தின் இரைச்சல் கேட்டது.

மேலே நடந்ததை நல்லம்மாள் எனக்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மேலே போனதில் அவளுக்குப் பயமே இல்லையாம். துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தாளாம், எதிர்க்கரையில் மகள் வீட்டுக் கூரை எது என்று தேடினாளாம். இறங்க வரும்போது பாதைக்கு நடுவில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. துரை குழாயில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு விமானத்தை மறுபடி தூக்கினார். சனம் விழாக் கூத்தாடுகிறது என்றே அவர் நினைத்திருக்கிறார். விமானம் ஆளின் தலைக்கு மேல் தாழப் பறந்தபோது நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். ஆடுவது தன் புருஷன்.

"மானத்த வாங்கத்தான் வந்து நிக்கிறான்னு மொதல்ல நெனச்சேன் நானா" என்பாள். "அப்புறம் பார்த்தா தோள்ல காவடி. மத்தி மீனத் தின்னுட்டு இந்த மனுசன் காவடியத் தொடமாட்டானே. செத்தாலும் தொடமாட்டான். அப்படின்னா எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நல்லாப் பார்த்தேன். மேல சக்கரம்."

குழாயில் வாயை வைத்து அவள் சொன்னது இதுதான்: "தொரை, நம்ம வண்டிச் சக்கரம் ஒன்னு என் புருசன் தலையில இருக்கு."

"வாய மூடு" என்றார் துரை.

"நீ கண்ணத் தொற. குனிஞ்சு பாரு."

துரை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு பேசியபோது குரல் மாறியிருந்தது. "பயப்படாதே. வாரை இறுக்கு. தலையக் குனி. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதே" என்றார். "நீ ரோட்டப் பார்த்து ஓட்டு" என்றாளாம் இவள்.

இறங்கும்போது தீப்பிடிக்கக் கூடாதே என்று, எண்ணெய் குறைகிற வரை விமானம் திடலைச் சுற்றியது. இப்போது பாதை காலியாக வேண்டும். நாலு பேர் போய்ப் பிச்சைமுத்துவை இழுத்தார்கள், அசையவில்லை. சாமி வந்தவனை நாலு பேர் இழுத்து என்ன ஆகும். நான் கரண்டியை நிறுத்தினேன். அடி நின்றதும் அவனும் நின்றான். மலங்க மலங்க விழித்தான். தோளைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்தேன், குழந்தை மாதிரி வந்தான்.

விமானம் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டு இறங்கியது. இருக்கிற ஒரு சக்கரம் மட்டும் புல்லைத் தொட்டது. இடது காலை மண்ணில் வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் ஓடியது, நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி. வேகம் செத்த பிறகு இடது பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. வெறுங்கால் மண்ணைக் கீறியது. முழு விமானமும் கரகரவென்று ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கை முறிந்து, முன்னால் இருந்த மரக் காற்றாடி சிதறி, புழுதிக்குள் நின்றது. கவிழவில்லை.

புழுதிக்குள்ளிருந்து நல்லம்மாள் நடந்து வந்தாள், தோல் குல்லாவோடு. கை கொடுக்க வந்த துரைமார்களை விலக்கிவிட்டுப் புருஷனுக்கு நேரே வந்து நின்றாள்.

"குளிச்சியா?"

"குளிச்சேன்."

"மத்தி மீனு தின்ன வாயோட காவடியத் தொட்டியே."

"வாயக் கொப்புளிச்சேன் நல்லம்மா" என்றான் அவன். பிறகு உட்கார்ந்து அழுதான். ஊரே பார்க்க ஓவென்று அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை, ஆனால் பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லவில்லை.

கழன்ற காரணத்தை ஜெயராஜ் மறுநாள் காட்டினான். அச்சின் நுனியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆணி, சுண்டு விரல் அளவுதான், உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு முறிந்திருந்தது. வெளியே வர்ணத்தோடு புதுசாகத் தெரிந்த ஆணி. யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது, யார் மேலும் தப்பு இல்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இது ஓடியதோடு நிற்காமல் ஜெரெஜாவரை போய் வந்துவிட்டது. அன்றிலிருந்து விமானம் கிளம்புமுன் ஜெயராஜ் ஒவ்வொரு ஆணியையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறான்.

கிளப்காரர்கள் பிச்சைமுத்துவின் சமயோசிதத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். பாதையை மறித்து, சக்கரத்தை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும் என்றார்கள். "நான் காட்டலீங்க, வேண்டிக்கிட்டேன்" என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. புல் வெட்டுகிற வேலையிலிருந்து அவனை எடுத்து, இறங்குகிற விமானத்துக்குக் கொடி காட்டுகிறவனாகப் போட்டார்கள். வெள்ளைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்புக் கொடி என்றால் இறங்காதே. காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். தரையில் நின்றே செய்கிற வேலை என்பதால் அவனுக்கும் திருப்திதான்.

ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் தூங்குவதில்லை என்று நல்லம்மாள் சொன்னாள். மத்தி மீன் விஷயமாக முருகனுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து, கோயிலில் போய் அபராதம் கட்டிவிட்டு வா என்றேன். தலையை ஆட்டினான். உடைந்த விமானத்தைப் பழுதுபார்த்து, இறக்கையும் காற்றாடியும் புதிதாகப் போட்டு, திடலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றுதான் உண்மை வெளியே வந்தது. என் கடையில், நல்லம்மாள் முன்னால் சொன்னான்.

"அன்னிக்கு வேண்டிக்கிட்டது ஒன்னு பாக்கி இருக்கு நானா. இவ எறங்கி வந்தா நான் ஏறுறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

நல்லம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "உனக்குப் பைத்தியமா? வேற நேந்துக்க எதுவும் கெடைக்கலையா? மொட்டை போடுறேன்னு சொல்லியிருக்கலாம் லா."

"மொட்டை என்னா பெருசா. எனக்கு எது முடியாதோ அதத்தான் சொல்லணும்னு தோணுச்சு."

அவள் வேண்டாம் என்றாள். சாமிக்குத் தெரியும், மன்னிக்கும் என்றாள். நான் போய் முருகன்கிட்ட பேசிக்கிறேன் என்றுகூடச் சொன்னாள். இத்தனை வருஷம் அவனை ஏறச் சொல்லிக் கேலி செய்தவள் இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவன் உதறவில்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

செம்பட்டைத் துரையே ஓட்டினார். ஜெயராஜ் ஆணிகளை இரண்டு தடவை தட்டிக் கேட்டான். நல்லம்மாள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். பிச்சைமுத்து ஏறுவதற்கு முன் தன் இரண்டு கொடிகளையும் அவள் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு" என்றான். ஏறி உட்கார்ந்தான். கண்ணை அப்போதே மூடிக்கொண்டான்.

விமானம் எழும்பியது. இரண்டு சக்கரமும் அதனோடு போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நல்லம்மாள் என் பக்கத்தில் வேலியோரம் நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"நானா, மேல இருந்தப்ப எனக்குப் பயமே இல்ல" என்றாள். "இங்க நிக்கத்தான் முடியல. அன்னிக்கு இந்த மனுசன் இப்படித்தான் நின்னிருக்கான். நான் அவனப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டுப் போனேன்."

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

விமானம் கடலைச் சுற்றிவிட்டு இறங்க வந்தது. திடலைத் தொடப்போகிற நேரத்தில் மறுபடி மேலே போய்விட்டது. திரும்பி வந்தது, மறுபடி மேலே போனது. இந்தத் தடவை எந்தச் சக்கரம் என்று புல்லில் தேடினேன். தூரத்தில் ஜெயராஜ் இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான். என்ன என்று திரும்பினேன். நல்லம்மாள் சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கொடி அவள் காலடியில் கிடந்தது. அவள் கண் விமானத்தில் இருந்தது, கை என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பிடியை விடவும் இல்லை. நானும் ஜெயராஜும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கொடியை வாங்கினோம்.

ஜெயராஜ் வெள்ளைக் கொடியை எடுத்துக் காட்டினான். விமானம் இறங்கியது. இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன, விமானம் சாதுவாக ஓடி நின்றது. பிச்சைமுத்துவைத் தூக்கித்தான் இறக்கினார்கள். வேலி ஓரம் வந்து வாந்தி எடுத்தான். நல்லம்மாள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரைப் பார்த்தியாடா? தண்ணீர்மலை தெரிஞ்சுதா?" என்றேன்.

"எங்க நானா பார்க்க. கண்ணு மூடியே இருந்துச்சு. ஒரே ஒரு தடவதான் தொறந்தேன், இவ நிக்கிறாளான்னு பார்க்க." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "செவப்புக் கொடியத் தூக்கிக்கிட்டு நின்னா. செவப்புன்னா எறங்காதேன்னுதானே அர்த்தம். சரி, நான் திரும்பி வர வேணாம்னு முடிவு பண்ணிட்டா போல, வருசா வருசம் முருகன்கிட்ட கேட்டாளே அடுத்த பிறவிக்கு வேற ஆள்னு, அப்படின்னு நெனச்சுக்கிட்டேன்."

பாம்பை எறிந்தவள், விமானம் உடைந்தபோதும் அழாதவள், அன்று என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த தைப்பூசத்தில் அவன் மலையிலிருந்து படிக்குப் படி உட்கார்ந்துதான் இறங்கினான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. நான் கீழே ரோட்டோரம் நின்று பார்த்தேன். நல்லம்மாள் இந்த வருஷம் முன்னால் நடக்கவில்லை. அவன் பக்கத்திலேயே, ஒவ்வொரு படியாக, தானும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள்.